துளைவழிக் குடல் ஒப்பரேஷனுக்குப் பின் வலியைக் கவனிப்போம்

வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், சின்னத் துளைகள் போட்டு, கமெரா விட்டுச் செய்யும் குடல் ஒப்பரேஷனில் வெளிக்காயம் சிறிது. ஆனால் உள்ளே குடலை வெட்டித் தைத்திருக்கிறார்கள். ஆகவே, "சின்ன ஓட்டைதானே, இதுக்கு ஏன் இந்த முனகல்?" என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்லக்கூடாது.

தோளில் ஏன் வலி?

ஒப்பரேஷனின்போது வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புவார்கள். மீதி வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை உறுத்தும். அது தோள் வலியாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறைந்துவிடும். லயத்து வாசலில் மெல்ல நடப்பது நல்லது. நடந்தால் குடலும் வேலை செய்யத் தொடங்கும்.

மருந்து

முதல் சில நாட்கள், வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திராமல் டொக்டர் சொன்ன நேரத்துக்கே மருந்தை எடுப்போம். பனடோல் 500 மில்லிகிராம் என்றால் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 வில்லை. அடுத்த தடவை 6 மணித்தியாலம் கழித்து. ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் அளவை டொக்டரிடம் கேட்க வேண்டும். வலியை மறக்கச் சாராயம் வேண்டாம். டைக்குளோபெனக், ஐபுபுரூபன் போன்றவற்றைக் கடையில் நாமாகவே வாங்கிப் போடவும் வேண்டாம். வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

உடம்பைப் பேணல்

இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். படுக்கையிலிருந்து ஒருபக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். கொழுந்துக் கூடை, விறகுக்கட்டு, தண்ணீர் வாளி தூக்குவதை டொக்டர் சொல்லும்வரை, பொதுவாக 4 முதல் 6 கிழமை, தள்ளி வைக்க வேண்டும். "பேர் போயிருமே" என்று அவசரப்பட்டு மலையேறினால், துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கலாம். ஆஸ்பத்திரியில் மெடிக்கல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரி

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், வயிறு ஊதிக் காற்றுப் பிரியாவிட்டால், வாந்தி நிற்காவிட்டால், காயத்தில் சீழ் வந்தால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு முட்டினால் தாமதிக்க வேண்டாம். உள்ளே தைத்த இடம் கசிவதாகவும் இருக்கலாம், அது உயிராபத்து. "இன்னும் ரெண்டு பனடோல் போட்டு விடியும்வரை பார்ப்போம்" என்று இருக்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம்.

பொறுக்க வேண்டிய வலி எது, பொறுக்கக்கூடாத வலி எது என்பதை நோயாளி மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருப்போம்.