பழைய பீர் பாட்டிலின் வயதைக் கணிப்பது எப்படி?

1920-இல் அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு வந்தது. சின்னச் சின்ன ஊர்களில் நடந்துவந்த பீர் ஆலைகள் பல அதோடு மூடப்பட்டன. 1933-இல் தடை நீங்கிய பிறகும் அவற்றில் பல திறக்கவேயில்லை. அந்த ஆலைகளின் பெயர் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாட்டில்களின் மீதுதான். சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைவதற்கு அதுவே காரணம்.

பாட்டில் கைக்கு வந்ததும், பக்கவாட்டில் அச்சு விட்டுச்சென்ற கோட்டை நகத்தால் தடவிக்கொண்டே மேலே போக வேண்டும். வாய்க்குக் கீழேயே அது மறைந்துவிட்டால், தொழிலாளி ஊதிச் செய்து, வாயைக் கருவியால் தனியாக முடித்த பாட்டில் அது. உச்சி விளிம்புவரை ஏறினால் இயந்திரம் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்தது 1903-இல். ஆனாலும் ஊதுகிறவர்களின் வேலை உடனே போய்விடவில்லை. சில ஆண்டுகள் இரண்டு வகையும் சேர்ந்தே சந்தைக்கு வந்தன.

அடுத்தது வாய். உருண்டு தடித்த வாயைச் சேகரிப்பாளர்கள் ‘பிளாப் டாப்’ என்பார்கள். கம்பி வளையத்தோடு திறந்து மூடும் ‘லைட்னிங்’ மூடிக்கு 1875-இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் நாம் நெம்பித் திறக்கும் கிரவுன் மூடி, பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டரின் 1892-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. (நம் ஊர் கோலி சோடா பாட்டிலும் பழசுதான். ஆனால் ஹிராம் காட் அதை வடிவமைத்தது சோடாவுக்கு. பீர் வரிசையில் அது சேராது.)

பிறகு பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்க்கலாம். ஓவன்ஸ் இயந்திரம் அங்கே ஓரம் பிசிறிய வட்டத் தழும்பு ஒன்றை விட்டுப்போகும். வைரக் கட்டத்தின் மேல் ஓ, ஐ எழுத்துகள் பிணைந்திருந்தால் அது ஓவன்ஸ்–இல்லினாய் நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனமே 1929-இல்தான் உருவானது.

உண்மையான துப்பறியும் வேலை புடைப்பு எழுத்துகளில் இருக்கிறது. மில்வாக்கியின் பிலிப் பெஸ்ட் ஆலை 1889-இல் பாப்ஸ்ட் என்று பெயர் மாறியது. ஆகவே ‘பெஸ்ட்’ என்று பொறித்த பாட்டில் அதற்கு முந்தையது. இன்னும் சுவையானது கார்ல் கான்ராடின் கதை. 1876-இல் பட்வைசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் இவர். காய்ச்சிக் கொடுத்தது செயின்ட் லூயிஸின் ஆன்ஹைசர் ஆலை. 1883-இல் கான்ராட் திவாலானார். அவர் பெயர் தாங்கிய பாட்டிலின் வயது இந்த ஏழு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. எந்த இயந்திரத் தழும்பும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஆலையின் பெயரோடு வேறொருவர் பெயரும் பொறித்திருந்தால் குழம்ப வேண்டாம். 1890-க்கு முன், ஆலைக்குள்ளேயே பாட்டிலில் அடைக்க அமெரிக்க வரிச் சட்டம் விடவில்லை. பீப்பாயில் நிரப்பி, வரி வில்லை ஒட்டி, வேறு கட்டடத்துக்கு உருட்டிப்போய்த்தான் அடைத்தார்கள். தனி வியாபாரிகள் பலர் அதையே தொழிலாகச் செய்தார்கள். அவர்களுடைய முகவரியை அந்த ஊரின் பழைய விவரப் புத்தகங்களில் தேடினால், எந்தெந்த ஆண்டுகளில் தொழில் நடத்தினார்கள் என்று தெரியவரும்.

நிறத்தை மட்டும் நம்பி விலை கொடுக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ கெட்டு பீர் நாறும் என்பதால் பழுப்பு நிறப் பாட்டில்களே அதிகம். மங்கனீசு கலந்த நிறமற்ற கண்ணாடி வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாகும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதை அடர் ஊதாவாக்கி விற்பவர்களும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஊதாவைக் கண்டால் சந்தேகப்படுவதே நல்லது.

கழுவும்போது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். கொதிநீர் பட்டால் விரிசல் விழும். காகித லேபிள் இருந்தால் தண்ணீரே காட்டக் கூடாது. அதில் ‘இன்டர்னல் ரெவின்யூ டாக்ஸ் பெய்டு’ என்ற வாசகம் இருந்தால் பாட்டில் 1933-க்கும் 1950-க்கும் இடைப்பட்டது.

தோண்டி எடுக்க ஆசைப்படுபவர்கள் போவது பழைய கழிப்பறைக் குழிகளுக்கும் குப்பை மேடுகளுக்கும். முதலில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆழக் குழிகளில் மண் சரியும். தனியாக யாரும் இறங்க வேண்டாம்.