கணக்கு சொல்வதும் சொல்லாததும்

வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு உண்டா என்ற பேச்சு நமது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கடைவீதிகளில் எழும்போதெல்லாம், ஆளுக்கொரு கணக்கைச் சொல்கிறோம். சரக்கு வந்தால் எடையையும் தரத்தையும் பில்லையும் ஒத்துப் பார்க்கும் நாம், இந்தக் கணக்குகளையும் அப்படியே சோதிக்க வேண்டும். அதற்கு நம் பகுதி விவகாரம் ஒன்றே நல்ல பாடம்.

சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில், ஐபோன் பொருத்தும் பணிக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்களே என்று நிறுவனத் தரப்பு கூறியது. 2024 ஜூலையில் மாநிலத் தொழிலாளர் துறை மத்திய அரசுக்கு அறிக்கை அளித்தது. அதன்படி மொத்தப் பணியாளர் 41,281, பெண்கள் 33,360, அவர்களில் திருமணமானவர்கள் 2,750.

இந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: நூற்றுக்கு எண்பது பேர் பெண்கள். ஆண், பெண் விகிதம் பற்றிய கேள்விக்கு இது பதில். திருமணமானவருக்கு வாசல் திறந்திருந்ததா என்ற கேள்விக்கு இது பதிலாகாது.

இரண்டாவது: பெண்களில் திருமணமானவர்கள் சுமார் 8 சதவீதம். இது குறைவுதான், சந்தேகத்துக்கு இடமும் உண்டு. ஆனால் ஷிப்டு நேரம், விடுதி வாசம், குழந்தை வளர்ப்பு காரணமாக விண்ணப்பித்தவர்களே குறைவாகவும் இருந்திருக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், ஏன் என்பது தெரிந்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

மூன்றாவது: 25 சதவீதமும் 8 சதவீதமும் முரண்பட்டவை அல்ல. ஒன்று புதிய வரவு, மற்றது மொத்த இருப்பு. எனினும் முன்னது ஒரு தரப்பின் கூற்று. பதிவேட்டைப் பார்த்துத்தான் அதை ஏற்க வேண்டும்.

நான்காவது: உள்ளே பணிபுரியும் திருமணமான பெண்கள் 21 பேர், ஊதியத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு இல்லை என்று அதிகாரிகளிடம் கூறினர். அவர்கள் வேலை கிடைத்தவர்கள். கிடங்கில் உள்ள மூட்டைகளை எண்ணினால், வாசலிலேயே திருப்பி அனுப்பிய மூட்டைகளின் கணக்குத் தெரியுமா? அதிகாரிகள் ஆட்சேர்ப்பு ஆவணங்களைப் பார்க்கவில்லை என்று சுட்டிக்காட்டிய தேசிய மனித உரிமை ஆணையம், மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது.

ஐந்தாவது: திருமணமாகாதவர் மட்டும் வேண்டும் என்று ஆட்சேர்ப்பு முகவர்கள் கொடுத்த விளம்பரங்கள். எத்தனை பேர் மறுக்கப்பட்டார்கள் என்பதை அவை காட்டா. ஆனால் நிபந்தனை இருந்ததற்கு எழுத்துச் சான்று, வாய்ப்பேச்சைவிடக் கனமானது. இத்தகைய நிபந்தனைகளை நீக்குமாறு நிறுவனம் முகவர்களிடம் கூறியதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது.

இது பெரிய ஆலைகளின் விவகாரம் என்று நாம் ஒதுங்க முடியாது. நம் கடை வாசலிலும் 'ஆட்கள் தேவை' பலகை தொங்குகிறது. வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவதை 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது. எனவே பலகையில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் வேலைக்குத் தேவையானதா என்று பார்த்து எழுதுவோம். யார் வேலை கேட்டு வந்தார், யாரை எடுத்தோம், எடுக்காததற்குக் காரணம் என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வைப்போம். நாளை கேள்வி வந்தால், நம் பக்கம் நியாயம் இருப்பதைக் காட்ட அந்த நோட்டுதான் உதவும். தவறு இருந்தால், பிறர் சொல்லும் முன் நமக்குத் தெரிவிப்பதும் அதுவே.