1864 கல்கத்தா புயல்: ஒரு பழைய செதுக்குப் படத்தைப் படிப்பது எப்படி?

நம்ம தேனியில் கடல் இல்லை. ஆனா ஐப்பசி, கார்த்திகையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு வர்ற மழை வங்காள விரிகுடாவிலிருந்துதான் வருது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், வலுக்குறைந்து திண்டுக்கல், கொடைக்கானல் வழியாகத்தான் கேரளாவுக்குப் போச்சு. அப்போ வந்த போட்டோக்கள் உங்க போன்ல இன்னும் இருக்கலாம். போட்டோவைப் பத்திரிகையில் நேரடியாக அச்சடிக்க முடியாத காலத்தில், இதே கடலில் எழுந்த ஒரு புயலை எப்படிக் காட்டினாங்க?

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைப் புயல் தாக்கியது. அதன் செதுக்குப் படங்கள் லண்டனின் படப் பத்திரிகைகளில் வெளியாயின. கரையில் ஏறிச் சாய்ந்து கிடக்கும் கப்பல்கள், முறிந்த பாய்மரங்கள். பார்த்தவுடனே பயம் வரும்.

படம் உருவான விதம்

நேரில் பார்த்தவர் கொடுத்த ஓவியமோ போட்டோவோ லண்டனுக்குக் கப்பலில் போகும். அங்கே ஒரு ஓவியர் அதை மரக்கட்டை மேல் வரைவார். பாக்ஸ்வுட் என்கிற அந்த மரம் ரொம்பத் தடிமனாக வளராது. அதனால் சின்னச் சின்னக் கட்டைகளை போல்ட் போட்டு இணைத்து ஒரு பெரிய கட்டை செய்வாங்க. அவசரம்னா போல்ட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு துண்டாகச் செதுக்கக் கொடுத்து, பிறகு மறுபடி இணைப்பாங்க. சில படங்களில் அந்த இணைப்பு மெல்லிய வெள்ளைக் கோடாகவே தெரியும். ஆக, செதுக்கிய யாரும் புயலைப் பார்த்தவர் இல்லை.

படத்தில் இருப்பது

கப்பல் சேதம் பொய் இல்லை. கேஸ்ட்ரல், பிளான்ஃபோர்ட் இருவரும் எழுதி 1866-ல் வெளியான அறிக்கைப்படி, துறைமுகத்தில் இருந்த 195 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை 23 மட்டும். 36 முழுசாகவே அழிந்தன.

படத்தில் இல்லாதது

இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் கப்பலில் இருந்தவர்கள் இல்லை. ஹூக்ளி முகத்துவாரத்தைச் சுற்றியிருந்த தாழ்வான கிராமங்களின் மக்கள். அவர்களைக் கொன்றது காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர், அதாவது ஸ்டார்ம் சர்ஜ். அதற்குப் பின்னால் வந்த நோயும் பலரைக் கொன்றது.

இதன் கணக்கைப் பாருங்க. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 செ.மீ. உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மீதி உயரம் முழுக்கக் காற்றின் வேலை. வங்காள விரிகுடாவின் வடமுனை ஆழம் குறைந்தது, புனல் மாதிரி குறுகுவது. தள்ளப்பட்ட நீருக்குப் போக வேறு இடமில்லை, மேலே எழும்பி ஊருக்குள் வரும்.

கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன்தான் 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-ல் உருவாக்கியவர். பதினாறு வருஷம் கழித்தும் புயலுக்குப் பெயர் இருந்தது, எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. இந்த அழிவுக்குப் பிறகுதான், 1865-ல் கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியபோது அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர், அறிக்கை எழுதிய அதே பிளான்ஃபோர்ட். இன்றைக்கும் செய்தியில் 'பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று கேட்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் இங்கேதான்.

ஆனா ஒன்றைக் கவனியுங்க: துறைமுகத்தில் ஏற்றிய சிக்னல் கப்பல்காரருக்குத்தான். கிராமத்தில் இருந்தவர் கண்ணுக்கு அது தெரியாது. படத்தில் யார் விடுபட்டாங்களோ, முதல் எச்சரிக்கையிலும் அவங்கதான் விடுபட்டாங்க.

அடுத்த புயல் படம் உங்க போனுக்கு வரும்போது மூன்று கேள்வி கேளுங்க. இதை எடுத்தவர் எங்கே நின்றார்? யாருக்காக எடுத்தார்? அந்த ஃப்ரேமுக்கு வெளியே யார் இருந்தாங்க? நாளைக்கு நம்மில் ஒருத்தர் எச்சரிக்கை ஆப் ஒன்று எழுதினால், மூன்றாவது கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்குங்க.