கடல் வாணிபத்தில் பொது நஷ்டப் பங்கீடு

விளைபொருளைக் கப்பலேற்றி அயல்நாட்டில் விற்க விரும்பும் சங்கங்கள் கப்பற்கூலியையும் துறைமுகச் செலவையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. கடல் வாணிபத்தில் தொன்றுதொட்டு வழங்கிவரும் ஒரு விதியையும் அறிந்திருத்தல் அவசியம். அதுவே பொது நஷ்டப் பங்கீடு எனப்படும்.

விதி யாதெனில்: கப்பலும் சரக்கும் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகும்போது, யாவற்றையும் காக்கும்பொருட்டு ஒருவருடைய சரக்கை வேண்டுமென்றே கடலில் எறிய நேரிடலாம். அந்நஷ்டத்தை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்துவது நியாயமன்று. கப்பற் சொந்தக்காரரும் சரக்குடையோர் அனைவரும் தத்தம் பொருளின் மதிப்புக்கேற்ப அதை ஏற்கவேண்டும். ஆபத்தினின்று மீளச் செய்யப்படும் அசாதாரணச் செலவுக்கும் இதுவே முறை. ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கிய இவ்விதி, 533-ஆம் ஆண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பில் காணப்படுகிறது.

கணக்கு வருமாறு: கப்பலின் மதிப்பு 60 லட்சம் ரூபாய், சரக்கு முழுவதன் மதிப்பு 40 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். ஒருவருடைய 5 லட்சம் ரூபாய்ச் சரக்கு எறியப்பட்டால், ஒவ்வொருவரும் நூற்றுக்கு 5 வீதம் ஏற்கவேண்டும். 2 லட்சம் ரூபாய் மிளகாய் அனுப்பிய சங்கம், ஒரு மூட்டையும் இழக்காதிருந்தும், 10,000 ரூபாய் கொடுக்கவேண்டும். சரக்கை இழந்தவரும் தம் பங்கான 25,000 ரூபாய் போக, 4,75,000 ரூபாயே பெறுவார்.

தற்செயலாகக் கடல்நீர் புகுந்து ஒருவருடைய மூட்டைகள் கெட்டால், அந்நஷ்டம் பங்கிடப்படுவதில்லை, அவரையே சாரும்.

இவ்விதி இன்றும் வழக்கில் உள்ளது. 2021 மார்ச் 23-ஆம் தேதி ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் தரைதட்டிக் குறுக்கே நின்றது. அதில் சுமார் 18,300 சரக்குப் பெட்டிகள் இருந்தன. 29-ஆம் தேதி அது மீட்கப்பட்டது. சரக்கு எதுவும் எறியப்படவில்லை; ஆயினும் மீட்புச் செலவின் பொருட்டுக் கப்பற் சொந்தக்காரர் பொது நஷ்டம் அறிவித்தார். அவ்வாறு அறிவித்தபின், தம் பங்குக்கு ஜாமீன் கொடாதவர் சரக்கை எடுக்க இயலாது.

ஆகவே சங்கத்தார் கவனிக்கவேண்டியவை:

1. சரக்கின் பொறுப்பு எவ்விடத்தில் வாங்குபவரைச் சேர்கிறது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுதல்.

2. பொறுப்பு சங்கத்தினுடையதாயின், கப்பலேற்றுமுன் இன்ஷ்யூர் செய்தல். இன்ஷ்யூர் செய்தவருக்காகக் கம்பெனி ஜாமீன் எழுதிக்கொடுக்கும். செய்யாதவர் பெரும்பாலும் ரொக்கமே கட்டவேண்டும்.

3. விலைப்பட்டியலில் உண்மையான மதிப்பையே காட்டுதல். பங்கு கணக்கிடுவதற்கு அதுவே ஆதாரம்.