கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம், வாங்க!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கடையநல்லூர் கார்களுக்கு ஓய்வே கிடையாது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு, டிக்கி நிறையப் பெட்டிகளோடு, புளியரை மலைப்பாதையில் இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமாக மாற்றி மாற்றி வருகிறோம். இன்ஜின் ஆயிலுக்குத் தேதி வைத்திருக்கும் நாம், இந்தப் பாடெல்லாம் படுகிற கியர்பாக்ஸை மட்டும் மறந்துவிடுகிறோம். இன்ஜின் ஆயில் மாற்றிப் பழகிய கைக்கு இது ஒரு ஞாயிறு காலை வேலைதான். கூலியும் மிச்சம், எந்த ஆயில் ஊற்றினோம் என்பதும் நமக்குத் தெரியும்.

1. எல்லாவற்றுக்கும் முன்னால் இதை மனதில் வையுங்கள்: ஆயில் ஊற்றுகிற மேல் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள், அதன் பிறகே கீழ் போல்ட்டைத் தொடுங்கள். பழைய ஆயில் முழுக்க இறங்கிய பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து நகர மறுத்தால், புது ஆயிலை உள்ளே விட வழியில்லாமல் வண்டி வாசலிலேயே நின்றுவிடும்.

2. கீழே படுத்துப் பார்த்தால் இன்ஜின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் பக்கம் பக்கமாகத் தெரியும். அவசரத்தில் இன்ஜின் ஆயிலை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். பார்த்துவிட்டு, சரியான போல்ட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

3. ஆயில் வாங்கும்போது கடைக்காரர் "90 நம்பர் போதும், எல்லா வண்டிக்கும் ஆகும்" என்பார். கேட்காதீர்கள். இப்போதைய சிறிய கார்கள் பலவற்றுக்கு 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90, ஜி.எல்.-4 தரம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். ஜி.எல்.-5 என்பது எண்ணில் ஒன்று கூடுதல் என்பதால் உசத்தி இல்லை. அதில் கலக்கும் கந்தக மருந்து அதிகம், ஜி.எல்.-4 கேட்கும் கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹோண்டா போன்ற சில கம்பெனிகள் தங்களுக்கென்றே தனி ஆயில் சொல்வார்கள், அங்கே அதுதான். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்பதும் பழைய பேச்சு. கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் முதல் கியர் போடவே மல்லுக்கட்ட வேண்டும்.

4. ஆம்னி, ஈகோ, பழைய அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் ஓட்டுகிற வண்டிகளுக்குக் கியர்பாக்ஸ் ஆயில் தனி, பின்னால் கிரவுனுக்கு ஆயில் தனி. இரண்டும் ஒரே தரமாக இருக்காது, சேர்த்து வாங்கும்போது தனித்தனியாகக் கேளுங்கள். முன்சக்கரம் ஓட்டுகிற கார்களுக்கு இந்தக் கவலை இல்லை.

5. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போகாதீர்கள், செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி முட்டுக் கொடுக்கவும் வேண்டாம். பட்டறைக்காரர்கள் வைக்கிற இரும்பு ஸ்டாண்டு நான்கு வாங்கிவிட்டால் அண்ணன் தம்பி, அக்கம்பக்கத்து வீடு என்று எல்லாரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நான்கு பக்கமும் ஒரே உயரத்தில், கெட்டியான சிமெண்டுத் தரையில் நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும். தெருவில் யாராவது பட்டறைக் குழி வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், பாதி வேலை குறையும்.

6. சாரம் கட்டிக்கொண்டு கீழே படுக்காதீர்கள், பழைய பேண்ட்டே பாதுகாப்பு. கியர் ஆயில் வாடை துணியில் ஏறினால் லேசில் போகாது, அந்த உடுப்பை மற்றத் துணியோடு ஊறப் போட்டுவிடாதீர்கள்.

7. வேலைக்கு முன்னால் கிருஷ்ணாபுரம் ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். வந்ததும் சைலன்சர் குழாய் சுடும், கொஞ்சம் ஆறவிட்டே கை வையுங்கள்.

8. புது ஆயில் டப்பாவை மூடியைத் திறக்காமல் காலையிலேயே மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுங்கள். இளகின ஆயில் குழாயில் சடசடவென்று இறங்கும். நம் ஊர் வெயிலுக்குக் காசா கொடுக்கிறோம்?

9. ஊற்றுகிற ஓட்டை பக்கவாட்டில் ஒளிந்திருக்கும், புனல் எட்டாது. அதற்கென்று பம்பு வாங்க வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒரு முனையை ஓட்டைக்குள் செருகி, மறுமுனையை பானெட் வழியாக மேலே கொண்டுவந்து புனலைப் பொருத்துங்கள். நின்ற நிலையிலேயே ஊற்றலாம், ஆயில் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும்.

10. ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைப் படுக்கவைத்து ஒரு பக்கத்தை வெட்டினால் பழைய ஆயில் பிடிக்கும் தட்டு தயார். இறங்கிய ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்து பாருங்கள். புத்தகத்தில் போட்ட அளவைவிட ரொம்பக் குறைவாக வந்தால் எங்கேயோ கசிகிறது, ஆக்ஸில் சீல் பக்கம் ஈரம் தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

11. பல வண்டிகளில் கீழ் போல்ட்டின் நுனியில் காந்தம் இருக்கும், துடைப்பதற்கு முன்னால் அதை நன்றாகப் பாருங்கள். கண் மை மாதிரி வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நறுக்கென்று குத்தும் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு சொட்டு ஆயிலை விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்தூள் மாதிரி நிறைய மினுங்கினால் சிங்க்ரோ தேய்கிறது என்று அர்த்தம்.

12. ஆயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான கியர்பாக்ஸ் மழை வெள்ளத்துக்குள் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, காற்றுப் போக்கி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இப்படி வந்தால் புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்றுவதுதான் நல்லது.

13. வாசருள்ள போல்ட்டுக்குப் புது வாசர் போடுங்கள், சில்லறைக் காசுதான். பசை பூசி முறுக்கியிருந்தால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புத்தகம் சொல்லும் பசையைப் பூசுங்கள். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப் இங்கே வேண்டாம்.

14. கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். ஸ்பேனரில் பைப் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும், பிறகு செலவு எக்கச்சக்கம். முதல் சில சுற்றைக் கையாலேயே முறுக்குங்கள்.

15. ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் மெல்ல வழிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள், பெரும்பாலான வண்டிகளுக்கு அதுதான் சரியான மட்டம். கூடினால் சீல் வழியாகக் கசியும். குறைந்தால் கியர்கள் காய்ந்து தேயும்.

16. மாற்றின அன்று ராத்திரி வண்டிக்கு அடியில் தினத்தாளை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு இருந்தால் எந்த போல்ட் என்று உடனே தெரிந்துவிடும்.

17. ஆயில் மாற்றியும் கியர் விழ அடம்பிடித்தால் குற்றம் கிளட்ச்சில் இருக்கலாம். இன்னொரு டப்பா ஆயிலுக்குச் செலவழிக்காமல் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

18. சிறிய கார்கள் பலவற்றுக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று புத்தகத்தைப் பாருங்கள். அடிக்கடி மலை ஏறுகிற வண்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றலாம். வாரண்டி ஓடுகிற வண்டியை மட்டும் கம்பெனி சர்வீசுக்கே விட்டுவிடுங்கள்.

19. தரையில் சிந்தினால் மரத்தூளோ உமியோ தூவி, கொஞ்ச நேரம் கழித்துப் பெருக்குங்கள். கைக்கு முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு பாத்திரம் விளக்கும் சோப்போடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்துத் தேய்த்தால் நகக்கண் வரைக்கும் சுத்தமாகும்.

20. பழைய ஆயிலை ஓடையிலோ வாய்க்காலிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். கருப்பாநதித் தண்ணீர் பாய்கிற வயல்கள்தான் நமக்குச் சோறு போடுகின்றன. 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் கழிவு ஆயிலை அபாயக் கழிவாகத்தான் வைத்திருக்கின்றன. மூடியுள்ள கேனில் அடைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, கழிவு ஆயில் சேர்த்து அனுப்புகிற பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

21. மிஞ்சிய புது ஆயிலை இறுக மூடி, டப்பாவின் மேல் தேதி, கிலோமீட்டர், போல்ட்டுக்குப் பொருந்திய ஸ்பேனர் அளவு மூன்றையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். அதை பைக்கில் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் இன்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான், கியர் ஆயில் விட்டால் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும்.