'வீணன்' என்று சொல்லலாமா?



இந்தப் பாடத்துக்குரிய பகுதி மத்தேயு 5ஆம் அதிகாரம், 22 முதல் 24 வரையுள்ள வசனங்கள். வேதாகமத்தைத் திறந்து ஒருமுறை வாசித்துவிட்டு மேலே படியுங்கள். நாவைக் குறித்து யாக்கோபு 3ஆம் அதிகாரமும் உண்டு. அதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள் என்பதால் இங்கே தொடவில்லை.

கொலையைக் குறித்த கட்டளைக்கு விளக்கம் சொல்லும் இடத்தில் இயேசு நேரே வசைச்சொல்லுக்கு வருகிறார். கிரேக்க மூலத்தில் அங்கே 'ராக்கா' என்ற சொல் நிற்கிறது. அது இயேசு பேசிய அரமேய மொழியிலிருந்து வந்தது. வெறுமை என்ற பொருளுடையது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அப்படியே விட்டுவிட்டது. நம் தமிழ் வேதாகமம் 'வீணன்' என்கிறது. மலையாள வேதபுத்தகமோ 'நிஸ்ஸாரா' என்கிறது. நம்மில் பலர் வீட்டில் இரண்டும் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனக்கு மலையாளச் சொல்லே மனதில் தைக்கிறது. வீணன் என்றால் ஒருவனுடைய நடத்தையைத் திட்டுவதாகக் கொள்ளலாம். நிஸ்ஸாரன் என்றாலோ, அவன் ஆளே ஒரு பொருட்டில்லை என்றாகிறது.

பொன்முடித் தேயிலைத் தோட்டங்களிலும் கீழே விதுரை, நெடுமங்காடு கடைத்தெருக்களிலும் 'பாண்டி' என்ற சொல்லைக் கேட்காத தமிழர் குறைவு. பாண்டிய நாட்டான் என்பதுதான் அதன் பொருள், அகராதியில் குற்றமில்லை. 'அண்ணாச்சி' இன்னும் வேடிக்கை. திருநெல்வேலிச் சீமையில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் அதே சொல், இங்கே இளக்காரச் சிரிப்போடு வரும்போது சுடுகிறது.

சரி, நாம் எப்படி? ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களை 'பெங்காளி' என்று ஒரே சொல்லில் அடக்குவதில் மலையாளிகளோடு நாமும் சேர்ந்துகொண்டோம். கேரள அரசு அவர்களுக்கு 'அதிதி தொழிலாளி' என்று பெயரிட்டு, 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் அதையே பரவலாக வழங்கியது. அதிதி என்றால் விருந்தாளி. நம் சபைகளின் ஜெபக்குறிப்புகளில் அந்தச் சொல் ஏறினால் நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். மலையாளத்தில் அவன் வந்தாலும் அவர் வந்தாலும் 'வந்நு' ஒன்றே. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, "தாத்தா வந்தான்" என்று சொல்லிவிடும். அது அவமரியாதை அல்ல, இலக்கணம். மறுபக்கம், நாம் மரியாதையாகச் சொல்லும் 'நீங்கள்' தென்கேரளத்துப் பெரியவர் காதில் மரியாதைக் குறைவாக விழக்கூடும். அங்கே சேட்டா, சாரே, அம்மச்சி என்று முறைப்பெயரோ பட்டமோ சொல்லியே பேசுவார்கள்.

இனி 23, 24ஆம் வசனங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, மனத்தாங்கலோடிருக்கும் சகோதரனிடம் முதலில் போகச் சொல்லுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அநேகர் கலிலேயர். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையே 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். பொன்முடியிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான், அதற்கும் பேருந்து இருக்கிறது. அவர்களோ காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, வந்த வழியெல்லாம் நடந்து திரும்ப வேண்டும். சமாதானமானபின் மறுபடியும் எருசலேமுக்கு நடக்க வேண்டும்.