ஐந்து வருடம் தள்ளிப்போட்டால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது. பாகூர் கொம்யூனைச் சேர்ந்தவன். பொதுப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் பணிமனையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விடிவதற்கு முன்பே போய், எந்த வண்டிக்கு யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று ஆள் போட்டு, முதல் நடையை அனுப்பிவிட்டுத்தான் டீ குடிப்பேன். இப்போது உதவி மேலாளராக பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆனால் காரைக்காலில். பெரிய பெண் பத்தாம் வகுப்பு, சின்னவன் ஆறாவது. அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் இதேபோல வேண்டாமென்று எழுதிக்கொடுத்து, ஐந்து வருடம் கழித்து வாங்கிக்கொண்டார். “ஒரு ரூபாய்கூடக் குறையலப்பா, நீயும் எழுதிக் குடுத்துடு” என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், பாகூர்

பதில்: உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கடிதத்தோடு அனுப்பிய சம்பளச் சீட்டு நகலில் நிலை 5, அடிப்படை ஊதியம் 31,900 என்பதைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறீர்கள். விஷயம் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஏழாவது ஊதியக்குழுவின் அட்டவணை ஓர் ஏணி. ஒவ்வொரு நிலைக்கும் தனி வரிசை, வருடத்துக்கு ஒரு படி, படிக்குச் சுமார் 3 சதவீதம். பதவி உயர்வு வரும்போது இருக்கும் வரிசையிலேயே ஒரு படி ஏற்றுவார்கள். பிறகு மேல் வரிசையில் அந்தத் தொகைக்குச் சமமான கட்டத்தில், அது இல்லையென்றால் அடுத்த பெரிய கட்டத்தில் வைப்பார்கள். நிலை 6 தொடங்குவதே 35,400-ல். அதற்குக் கீழே நிற்பவருக்கு அது ஒரு தாவல். ஏற்கெனவே மேலே வந்துவிட்டவருக்கு ஏறக்குறைய இரண்டு இன்கிரிமென்ட், அவ்வளவுதான்.

அண்ணன் மறுத்தபோது 35,900-ல் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே ஏற்றிருந்தால் 37,600 ஆகியிருக்கும், ஐந்து வருடத்தில் 43,600-க்கு வந்திருப்பார். மறுத்ததால் நிலை 5-லேயே 41,600 வரை ஏறி, அதன்பின் உயர்வு வாங்கினார். ஒரு படி ஏற்றினால் 42,800, மேல் வரிசையில் அடுத்த கட்டம் 43,600. இரண்டு வழியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன! நடுவில் போன ஐந்து வருட வித்தியாசம், அடிப்படை ஊதியத்தில் மட்டும், 1,08,000 ரூபாய். அது சிறிது சிறிதாகப் போனதால் அவர் கண்ணில் படவில்லை.

இனி உங்கள் கணக்கு. இப்போது ஏற்றால் 31,900 நேராக 35,400 ஆகிறது. ஐந்து வருடம் கழித்து 41,100. மறுத்தால் அதே ஐந்து வருடத்தில் 37,000 வரை போவீர்கள், அப்போது உயர்வு வந்தால் 38,700. இடையில் இழப்பது 2,23,200 ரூபாய். அதோடு முடியவில்லை. 41,100-க்கும் 38,700-க்கும் நடுவே இருக்கும் இரண்டு படி, மாதம் 2,400 ரூபாய், நீங்கள் ஓய்வு பெறும்வரை கூடவே வரும். வருடம் 3 சதவீதம் வளரவும் செய்யும். 60 வயதில் ஓய்வு என்று வைத்து, மீதி 17 வருடங்களுக்குக் கூட்டிப் பார்த்தால் இன்னும் ஆறு லட்சத்துக்கு மேல் வருகிறது. அகவிலைப்படியை நான் சேர்க்கவே இல்லை. ஊதியக்குழு மாறும்போது இருக்கும் அடிப்படையைத்தான் பெருக்குகிறார்கள், 2016-ல் 2.57-ஆல் பெருக்கியதைப்போல. பின்தங்கிய இரண்டு படியும் சேர்ந்தே பெருகும்.

இதைவிடப் பெரிதாக நான் நினைப்பது அடுத்த பதவி உயர்வு. மேலாளர் பதவிக்குத் தேவையான தகுதிப் பணிக்காலம், உதவி மேலாளராகப் பொறுப்பேற்ற நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். மத்திய அரசு விதிப்படி, உயர்வை மறுத்தவருக்கு ஓராண்டுவரை அடுத்த அழைப்பு கிடையாது. அதற்குள் உங்களுக்குக் கீழே இருந்தவர் ஏறிவிட்டால் மேல் பதவியில் அவர்தான் சீனியர். சென்னை போன்ற ஊரில் பணிமனைகள் நிறைய, மேலாளர் இடங்களும் நிறைய. நம் பிரதேசத்தில் மேலாளர் நாற்காலிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்களைவிட ஐந்து வயது இளையவர் அதில் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் ஓய்வு பெறும்போதும் அவர் அங்கேயே இருப்பார்.

“வராவிட்டாலும் பத்து வருடத்தில் தானாக அடுத்த நிலை கிடைத்துவிடும்” என்ற நம்பிக்கையும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 10, 20, 30 வருடங்களில் கிடைக்கும் அந்த நிதி உயர்வு, பதவி கிடைக்காமல் தேங்கியவர்களுக்கானது. கொடுத்த பதவியை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தவருக்கு அது நின்றுவிடும்.

ஓய்வூதியத்தைப் பற்றி மட்டும் அதிகம் கவலைப்பட வேண்டாம். நீங்கள் வருங்கால வைப்பு நிதியில் இருப்பவர். 2014 செப்டம்பர் முதல் அந்த ஓய்வூதியத்துக்கான ஊதிய உச்சவரம்பு 15,000 ரூபாய். கூடுதல் ஊதியத்துக்குப் பங்களிக்க விருப்பம் கொடுக்காதவருக்கு அடிப்படை 38,700 ஆனாலும் 41,100 ஆனாலும் ஒரே ஓய்வூதியம்தான். விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டிருந்தால் கடைசி 60 மாதச் சராசரி கணக்குக்கு வரும். பணிக்கொடை வேறு. அதில் கடைசி மாத ஊதியம்தான் பேசும்.

காரைக்கால் செலவையும் எழுதிப் பாருங்கள். கன்னியக்கோயிலில் பஸ் ஏறி கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போகவேண்டிய ஊர், தினமும் போய்வர முடியாது. அங்கே ஓர் அறை, ஓட்டல் சாப்பாடு, வாரக் கடைசிப் பயணம் எல்லாம் சேர்ந்தால், முதல் இரண்டு வருடம் உயர்வில் வரும் கூடுதல் பணம் முழுவதும் அதிலேயே கரையலாம். வீட்டு வாடகைப்படியும் ஊருக்கு ஊர் மாறும். அதெல்லாம் தெரிந்தும் நான் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். மாகேவுக்கோ ஏனாமுக்கோ போட்டிருந்தால் யோசித்திருப்பேன். காரைக்காலிலிருந்து சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடலாம். மறுப்புக் கடிதத்துக்குப் பதிலாக, மகளின் பொதுத்தேர்வு முடியும்வரை பொறுப்பேற்க அவகாசம் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். மறுப்பதும் அவகாசம் கேட்பதும் விதியின் முன்னே வேறு வேறு. அவகாசம் கிடைக்காவிட்டால் குடும்பத்தைப் பாகூரிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு என் அட்டவணையில் பதில் இல்லை. அதை வீட்டம்மாவும் நீங்களும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்று: நான் போட்டதெல்லாம் மத்திய அரசு விதிப்படியான கணக்கு. உங்கள் நிறுவனம் எந்தெந்த விதியை ஏற்றிருக்கிறது என்பதை நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மார்ச் 1-ல் எனக்குப் பதவி உயர்வு. அடிப்படை 35,900. வழக்கமான இன்கிரிமென்ட் ஜூலையில். “ஆப்ஷன் குடுங்கம்மா” என்கிறார்கள். எதைக் கொடுப்பது?
– வாசகி, வில்லியனூர்

பதில்: ஜூலையைக் கொடுங்கள். உயர்வு நாளிலேயே நிர்ணயித்தால் உடனே 37,600. ஜூலை 1 என்று கொடுத்தால் அதுவரை 36,500-தான், மாதம் 1,100 குறைவு, நான்கு மாதத்துக்கு 4,400. ஆனால் ஜூலையில் இரண்டு இன்கிரிமென்ட் சேர்த்து மறுநிர்ணயம் செய்து 38,700-ல் வைப்பார்கள். விட்டதை அக்டோபருக்குள் பிடித்துவிடுவீர்கள். ஜனவரியில் அடுத்த படியும் வந்து 39,900 ஆகும், மற்ற வழியில் போனவர் அப்போது 38,700-ல் இருப்பார். விருப்பம் தெரிவிக்க உயர்வு நாளிலிருந்து ஒரு மாதம்தான். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு நகல் எடுத்துப்போய் ஒன்றில் தேதி முத்திரை வாங்கி, உத்தரவுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.